ஷாஹிதாவின் வயதாகாத நட்சத்திரம்

போன வருஷம் ஒரு நாள் மத்தியானம், நான் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நித்யா என்று ஒரு மாணவி செம்பூரில் என் வீட்டைத் தேடி வந்தாள். பாண்டுப்பில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். தமிழ் பேச வரும், படிக்க வராது. நாங்கள் பல வருஷமாக எழுதி, திருத்தி, வளர்த்த நட்சத்திரப் புரோகிராமை நிறுத்தப்போகிறார்களாம். இனிமேல் வெளிநாட்டில் எல்லோருக்கும் பொதுவாகத் தருகிற புதிய புரோகிராம்தானாம். பழையதோடு பழகிய ஆட்களில் மிச்சமிருப்பது நான் ஒருத்திதான் என்பதால், மூடுவதற்கு முன் அதைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னாள்.

அது பெரிய காரியமில்லை, எழுதலாம் என்று சொன்னேன். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்று கேட்டாள். கரும்பொருளை எரித்து வாழும் நட்சத்திரங்கள் இருக்கலாம் என்று இப்போது உலகமெல்லாம் பேசுகிறார்கள், விண்வெளித் தொலைநோக்கியில் தேடுகிறார்கள், நம் பழைய புரோகிராமில் யாராவது எப்போதாவது அப்படி ஒன்றை ஓட்டிப் பார்த்ததுண்டா? நம் நிலையத்தின் பெயரில் அப்படி ஒரு கட்டுரைகூட இல்லையே?

கட்டுரை இல்லைதான். ஆனால் ஓட்டினோம். ஓட்டியவள் நான். ஓட்டச் சொன்னவள் ஷாஹிதா. நித்யாவை மறுபடி உள்ளே வரச்சொல்லி உட்காரவைத்தேன். அன்றைக்குப் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

நான் கோவண்டியில் வளர்ந்தவள். பெயர் கோமதி. கணிதத்தில் பட்டம் வாங்கிய கையோடு அறிவியல் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தேன். விஞ்ஞானிகள் யோசிப்பார்கள். யோசித்ததைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எழுதி ஓட்டுவது எங்கள் வேலை. ஆரம்ப வருஷங்கள் கம்ப்யூட்டர் படிக்கும் அட்டையில் ஓட்டை போடுவதிலும், அச்சடித்து வரும் தாள்களுக்காகக் காத்திருப்பதிலும் போயின. அப்புறம் என்னைப் பரமேஸ்வரன் சாரிடம் அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை அவர் புரோகிராம்தான் என் வேலை.

சார் பாலக்காட்டுக்காரர். தாத்தா காலத்திலேயே மாட்டுங்காவில் வந்து குடியேறிய குடும்பம். ஒல்லியான உடம்பு, எப்போதும் முழுக்கைச் சட்டை. அச்சடித்த தாளை நின்றுகொண்டுதான் படிப்பார். ஒரு வரியின் அடியில் அடிக்கோலை வைத்து, அந்த வரி மனசுக்குள் போன பிறகுதான் கோலை அடுத்த வரிக்கு இறக்குவார். யாரையும் "தப்பு" என்று சொல்லமாட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இது நட்சத்திரம் சொல்றதா, புரோகிராம் சொல்றதா?" புதிதாக வந்தவர்கள் அந்தக் கேள்விக்கு நடுங்குவார்கள். எனக்குச் சில வருஷங்களில் அது பிடித்துப்போயிற்று. உண்மையில் அது பதில் தெரியாத ஆள் கேட்கிற கேள்வி. நம்மோடு சேர்ந்து அவரும் தேடுவார்.

நட்சத்திரத்தைக் கணக்கில் எப்படிச் செய்வது என்று பலபேர் கேட்டிருக்கிறார்கள். மையத்திலிருந்து மேல்பரப்புவரை அதை வெங்காயம் மாதிரி நூற்றுக்கணக்கான அடுக்குகளாகப் பிரிப்போம். ஒவ்வொரு அடுக்குக்கும் அழுத்தம், வெப்பம், வெளியே போகும் ஆற்றல் என்று சில எண்கள். முதலில் எல்லாம் ஊகம். ஒரு அடுக்கு அடுத்ததோடு பொருந்தாது. திருத்துவோம், வேறெங்கோ பொருந்தாமல் போகும். மறுபடி திருத்துவோம். எல்லா அடுக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்போது "உட்கார்ந்தாச்சு" என்போம். அப்புறம்தான் காலத்தை ஒரு ஸ்டெப் நகர்த்தவேண்டும். அதற்குள் மையத்தில் எரிந்த ஹைட்ரஜனைக் கழித்து, மறுபடி உட்காரவைக்கவேண்டும். இப்படியே ஒரு நட்சத்திரத்தைப் பிறப்பிலிருந்து மூப்புவரை கொண்டுபோவோம். ஸ்டெப் எவ்வளவு பெரியது என்பதைப் புரோகிராமே முடிவு செய்துகொள்ளும். நட்சத்திரம் வேகமாக மாறும்போது சின்னச் சின்னதாக எடுத்து வைக்கும். மாற்றம் குறைந்தால் பெரிதாகத் தாவும்.

சாருடைய வாழ்நாள் கேள்வி சூரியனைப் பற்றியது. சூரியனின் மையத்தில் நடக்கும் எரிப்பிலிருந்து நியூட்ரினோ என்கிற நுண்துகள்கள் கிளம்பி, எதிலும் மோதாமல் நம்மிடம் வந்து சேர்கின்றன. எவ்வளவு வரவேண்டும் என்று கணக்குச் சொல்லியதோ, அதைவிட மிகக் குறைவாகத்தான் கருவிகளில் தெரிந்தது. ஏன் குறைகிறது என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அண்டத்தில் நாம் பார்க்கிற பொருளைப்போலப் பல மடங்கு, நமக்குத் தெரியாத பொருள் இருக்கிறது. ஒளி விடாது, ஒளியை மறிக்கவும் செய்யாது. அதன் ஈர்ப்பு மட்டும்தான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. அதுதான் கரும்பொருள். சூரியன் அதன் நடுவேதான் போய்க்கொண்டிருக்கிறது. போகிற போக்கில் அந்தத் துகள்களில் கொஞ்சம் சூரியனுக்குள் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சார் யோசித்தார். அவை மையத்தில் சுற்றிச் சுற்றி வந்து, உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியடுக்குகளில் கொண்டுபோய்க் கொட்டும். மையம் ஒரு பொடி குளிரும். வெளிச்சம் மாறாது, நியூட்ரினோ மட்டும் குறையும். உலகத்தில் அங்கங்கே வேறு சிலரும் இதையே யோசித்தார்கள். எங்கள் நிலையத்தில் இதைக் கட்டிக்கொண்டு அழுதவர் சார் ஒருவர்தான். பத்து வருஷத்துக்கு மேல் அதே சூரியனை நூறு விதமாக ஓட்டியிருப்பேன்.

ஷாஹிதா வந்தது அந்தக் காலத்தின் கடைசியில். முனைவர் பட்டத்துக்கு சாரிடம் சேர்ந்தாள். தாராவியில் தொண்ணூறு அடி ரோடு என்கிற தெருவுக்கு உள்ளே வீடு. கீழே வாப்பாவின் தோல்பை பட்டறை, மேலே குடும்பம். முதல் நாள் என்னை மேடம் என்று கூப்பிட்டாள். நான் போனில் என் தம்பியிடம் பேசுவதைக் கேட்டுவிட்டு, "நீங்களும் திருநெல்வேலிப் பக்கமா? சொல்லவே இல்லையே" என்றாள். அன்றிலிருந்து அக்கா. கணக்கில் கெட்டிக்காரிகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இவளிடம் வேறொன்று இருந்தது. புரோகிராம் சரியாக ஓடி முடிந்தாலும் எழுந்து போகமாட்டாள். ஏன் சரியாக ஓடியது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். சாருக்கு அவளை மிகவும் பிடிக்கும். அவர் அடிக்கோலை அவள் கையில் கொடுத்து, "நீ படி, நான் கேக்கறேன்" என்று சொன்னதை நான் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். வேறு யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. வெளிநாட்டில் ஒரு சுரங்கத்தின் அடியில் கனநீர்த் தொட்டி வைத்துப் பார்த்தவர்கள், நியூட்ரினோ குறையவே இல்லை என்று காட்டிவிட்டார்கள். சூரியனிலிருந்து வருகிற வழியில் அது வகை மாறிவிடுகிறது. மாறிய வகை பழைய கருவிகளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து எண்ணினால் வெறும் சூரியனுக்குப் போட்ட கணக்கு அப்படியே சரியாக வருகிறது. மையம் குளிரவேண்டிய அவசியமே இல்லை. கரும்பொருளுக்கு அங்கே வேலையும் இல்லை.

அடுத்த வாரக் கருத்தரங்கில் வேறொருவர் பேசுவதாக இருந்தது. சார் அதைத் தள்ளிவைக்கச் சொல்லி, தானே பேசினார். கரும்பலகையில் தன் யோசனையை முதலிலிருந்து எழுதினார். எந்த இடத்தில் அது நியாயமாக இருந்தது, எந்த இடத்தில் நாம் ஆசைப்பட்டோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, "சூரியன் சரியாத்தான் இருந்தது. நாமதான் அதுக்கு வைத்தியம் பார்த்துண்டு இருந்தோம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டர் அறைக்கு வந்து என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். "கோமதி, கரும்பொருளை எடுத்துட்டு வெறும் சூரியனை ஒரு தடவை ஓட்டுங்கோ" என்றார். ஓட்டினேன். பிறந்த சூரியன் இன்றைய வயதுக்கு வந்து சேரும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எந்தச் சிக்கலும் இல்லாமல் உட்கார்ந்தது. ஒவ்வொரு ஸ்டெப்பும் முதல் முயற்சியிலேயே. "எவ்வளவு லேசா போறது பாத்தேளா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் அந்த அறைக்குத் தானாக வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஷாஹிதாவின் ஆராய்ச்சி பாதியில் நின்றது. சூரியனுக்குள் கரும்பொருள் என்பதுதான் அவள் தலைப்பு. சார் அவளைக் கைவிடவில்லை. கரும்பொருள் எப்படியெல்லாம் இருக்கமுடியாது என்பதைச் சூரியனை வைத்து எல்லை கட்டிச் சொல்லலாம், அதுவும் ஆராய்ச்சிதான், பட்டத்துக்குப் போதும் என்றார். அவளும் சரியென்று வேலையைத் தொடர்ந்தாள். ஆனால் சில வாரம் கழித்து கேன்டீனில் வடாபாவ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே என்னிடம் ஒன்று சொன்னாள்.

"அக்கா, சூரியன் இருக்க இடத்துல இந்தச் சாமான் ரொம்பக் கொஞ்சம்லா. அதான் ஒண்ணும் செய்யலை. இதே மாதிரி ஒரு நட்சத்திரம் பால்வீதிக்கு நட்டநடுவுல இருந்தா?"

நம் பால்வீதியின் நடுவில் கரும்பொருள் குவிந்து கிடக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த ஊகம். அவள் இன்னொன்றையும் சேர்த்தாள். சாருடைய துகள்கள் ஒன்றையொன்று அழிக்காதவை. ஆனால் கரும்பொருள் துகள்கள் இரண்டு மோதினால் இரண்டும் அழிந்து ஆற்றலாகிவிடும் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். சூரியனில் அது ஒரு பொருட்டே இல்லை. கூட்டம் நெருக்கியடிக்கும் இடத்தில் அதுவே நட்சத்திரத்துக்குள் இன்னொரு அடுப்பாகிவிடும். அப்போது அந்த நட்சத்திரத்தின் ஆயுள் என்னவாகும்? இதுதான் அவள் கேள்வி.

வழக்கமான வேலை முடிந்தபிறகு இரண்டு பேருமாக இதை ஆரம்பித்தோம். சாருக்கும் சொல்லித்தான் செய்தோம். "பண்ணிப் பாருங்கோ" என்று மட்டும் சொன்னார். முதலில் உட்காரவே இல்லை. கரும்பொருளை ஒரேயடியாகச் சேர்த்தால் அடுக்குகள் சிதறி, வெப்பம் எதிர்மறை எண்ணாகிப் புரோகிராம் நின்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதற்கு ஒரு வழி எழுதினேன். அதிலும் மேலடுக்குகள் தகராறு செய்தன. அங்கே மட்டும் அடுக்குகளை இன்னும் மெல்லியதாக வெட்டினோம். ஒருவழியாக உட்கார்ந்தது.

அப்புறம் நடந்ததை நான் முதலில் கோளாறு என்றுதான் நினைத்தேன். நட்சத்திரம் மெல்ல வீங்கியது. மையம் தளர்ந்து குளிர்ந்தது. ஹைட்ரஜன் எரிவது குறைந்துகொண்டே வந்து அணைந்தே போனது. அதற்குப் பிறகு எதுவுமே மாறவில்லை. மாற்றம் இல்லாததால் புரோகிராம் பெரிய பெரிய ஸ்டெப்பாக எடுத்து வைக்க ஆரம்பித்தது. தாவித் தாவி அண்டத்தின் வயதையே தாண்டிப் போய்விட்டது. நட்சத்திரம் அதே இடத்தில், அதே வெளிச்சத்தோடு இருந்தது. கரும்பொருள் எரிந்து அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் சொந்த எரிபொருள் செலவாகவே இல்லை.

"இதுக்கு வயசே ஆகலையேக்கா" என்றாள் ஷாஹிதா.

சந்தோஷப்படுவதற்கு முன் சாருடைய கேள்வியை நாங்களே கேட்டுக்கொண்டோம். அடுக்குகளை இரட்டிப்பாக்கிப் பார்த்தோம். எடையை மாற்றினோம். வேறு கம்ப்யூட்டரில் ஓட்டினோம். எல்லாவற்றிலும் அதே பதில். சின்ன நட்சத்திரமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் நின்றது. கடைசியாக ஷாஹிதா ஒரு சோதனை சொன்னாள். நின்றுபோன நட்சத்திரத்துக்குக் கரும்பொருள் வரத்தை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? நிறுத்தினோம். நட்சத்திரம் சுருங்க ஆரம்பித்தது. ஸ்டெப்புகள் சின்னதாகிக்கொண்டே வந்தன. மையம் சூடேறி, ஹைட்ரஜன் மறுபடி பற்றிக்கொண்டது. சாதாரண நட்சத்திரம்போல வயதாகத் தொடங்கியது. என் வேலையில் அப்படியொரு சாயங்காலம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

அவள் அதை ஒரு அத்தியாயமாக எழுதினாள். சார் அதைப் படிக்க வழக்கத்தைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டார். பிறகு எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அன்று உட்கார்ந்துகொண்டு பேசினார்.

கணக்கில் ஒரு குறையும் இல்லை என்றார். ஆனால் பால்வீதியின் நடுவில் கரும்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இவள் ஒரு எண்ணைப் போட்டிருக்கிறாள். எந்த எண்ணைப் போட்டாலும் நட்சத்திரம் அதற்குத் தகுந்தாற்போல ஆடத்தான் செய்யும். இந்த ஆட்டத்தைத் தான் ஏற்கெனவே ஆடி முடித்தாகிவிட்டது என்றார்.

"அளவு தெரியாதுங்கறதாலதான் சார் இது முக்கியம்" என்றாள் ஷாஹிதா. சாரிடம் பேசும்போது அவள் தமிழ் கொஞ்சம் சட்டை இன் பண்ணிக்கொள்ளும். "அங்க இருக்கிற நட்சத்திரங்களைப் பார்த்து, வயசாகாம நிக்குதா இல்லையான்னு தெரிஞ்சா, அதை வச்சே அளவைச் சொல்லிடலாம். நட்சத்திரமே நமக்கு ஒரு கருவி மாதிரி."

சார் கண்ணாடியைக் கழற்றினார். வழக்கமான கேள்வி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார். "நான் ஒரு தடவை நம்பினேன். பத்து வருஷம் போச்சு. நான் வேலைல நிலைச்சவன், தாங்கிண்டேன். நீ இப்பதான் ஆரம்பிக்கறே. உன்னோட முதல் பேர் இதுல வரவேண்டாம். இதை எடுத்துடு."

அவள் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கை அத்தியாயத்தை மூடி மேஜையின் இந்தப் பக்கம் தள்ளிவிட்டது. பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னதால்தான் அவள் அதை எடுத்துக்கொண்டாள் என்று இன்றும் நினைக்கிறேன். அவர் கத்தியிருந்தால் அவள் எதிர்த்து நின்றிருப்பாள்.

மறுநாள் நான் தனியாகப் போய்ப் பேசினேன். அத்தியாயமாக வேண்டாம், ஒரு சின்னக் கட்டுரையாகவாவது அனுப்பலாமே, என் பெயர்கூட வேண்டாம் என்றேன். சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "உங்களுக்கும் சேர்த்துத்தான் நான் யோசிக்கறேன், கோமதி" என்றார். மேற்பார்வையாளர் கையெழுத்து இல்லாமல் எங்கள் நிலையத்திலிருந்து எதுவும் வெளியே போகாது.

ஷாஹிதாவுக்குப் பட்டம் கிடைத்தது. தேர்வாளர்கள் கவனமான வேலை என்று பாராட்டினார்கள். கரும்பொருள் எப்படி இருக்கமுடியாது என்று சொன்ன ஆராய்ச்சிக்கு வெளிநாட்டில் யாரும் இடம் தர முன்வரவில்லை. விண்ணப்பித்துக் காத்திருந்து பார்த்துவிட்டு, பாந்த்ரா குர்லா வளாகத்தில் ஒரு பெரிய பேங்கில் சேர்ந்தாள். கடன் கொடுத்தால் திரும்பி வருமா என்று கணக்குப் போட்டுச் சொல்லும் பிரிவு. வீட்டிலிருந்து பக்கம் என்று என்னிடம் சொன்னாள். அதைத் தவிர அந்த வேலையைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொல்லவில்லை. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெருநாளைக்கு எனக்குப் பிரியாணி கொடுத்தனுப்புவாள்.

சில வருஷத்தில் வெளிநாட்டிலிருந்து அந்தக் கட்டுரைகள் வர ஆரம்பித்தன. பால்வீதியின் நடுவில் கரும்பொருளை எரிக்கும் நட்சத்திரங்கள். அண்டத்தின் தொடக்கத்தில் அதை எரித்தே பிரம்மாண்டமாக வளர்ந்த முதல் நட்சத்திரங்கள். ஒரு குழு, இரண்டு குழு என்று கூட்டம் சேர்ந்தது. சார் அப்போது ஓய்வு பெற்று மாட்டுங்காவில் இருந்தார். நூலகத்துக்கு மட்டும் எப்போதாவது வருவார். ஒரு நாள் எனக்குப் போன் செய்து, ஷாஹிதா வீட்டுக்குப் போகவேண்டும், வழி காட்டமுடியுமா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். அவர் வீட்டிலிருந்து தண்டவாளத்தைத் தாண்டினால் தாராவிதான். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று நடக்கும்போது சொன்னார். சந்துக்குள் சாக்கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். பட்டறையில் நாலைந்து பேர் பைக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஷாஹிதா அன்று வாப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் வாப்பா மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, "வாங்க சார், புள்ள உங்களைப் பத்தி ரொம்பச் சொல்லும்" என்று கையைப் பிடித்து அந்தச் செங்குத்துப் படியில் ஏற்றிவிட்டார். சாயா வந்தது. சார் குடித்து முடித்துக் கிளாஸைக் கீழே வைத்தபிறகுதான் பேசினார்.

"நீ பண்ணினது வெளியில வந்துடுத்து. வேற யாரோ பண்ணியிருக்கா. நட்சத்திரத்தை வச்சே அளக்கலாம்னு நீ சொன்ன அதே காரணம். நான்தான் உன்னைப் பண்ண விடலை. நேர்ல வந்து சொல்லணும்னு தோணித்து."

ஷாஹிதா அந்தக் கட்டுரையைப் படித்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். வந்த அன்றைக்கே படித்திருந்தாள். மடியிலிருந்த குழந்தையின் முடியை ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"சார், நீங்க தப்புன்னு சொல்லியிருந்தா, எங்க தப்புன்னு தேடியிருப்பேன். நீங்க பயமா இருக்குன்னு சொன்னீங்க. அதுக்கு நான் எந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுறது?"

சார் காலிக் கிளாஸைக் கையில் எடுத்து மறுபடி வைத்தார். பிறகு, இப்போதுகூடத் தாமதமில்லை, நிலையத்தில் பேசி ஏற்பாடு செய்கிறேன், திரும்பி வருகிறாயா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். இறங்கும்போது வாப்பா புதுக் கைப்பை ஒன்றை எடுத்து சாருக்குக் கொடுத்தார். சார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். திரும்பும் வழியில் தண்டவாளத்தைத் தாண்டும் இடத்தில் நின்று, "அவ கேட்டது நியாயமான கேள்வி" என்றார்.

நாலைந்து வருஷம் முன்பு சார் காலமானார். ஷாஹிதா வந்திருந்தாள். கூட்டத்தில் பின்னால் நின்றுவிட்டுப் போனாள்.

இதில் யாரைக் குறை சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அப்படி ஒரு நட்சத்திரம் இருக்கிறது என்று இதுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சார் பயந்தது சரி என்றுகூட நாளைக்குத் தெரியவரலாம். அப்படித் தெரியவந்தாலும் என் வருத்தம் போகாது. சூரியனைப் பற்றிய அவர் யோசனை தோற்காமல் இருந்திருந்தால், அவர் அந்த அத்தியாயத்தை அடிக்கோல் வைத்து வரிவரியாகப் படித்திருப்பார். அந்தத் தோல்வி வந்து சில மாதங்களிலேயே அவள் கேள்வி வந்துவிட்டது. இரண்டு நல்ல மனிதர்கள், ஒரு நல்ல கேள்வி. வேளைதான் பொருந்தவில்லை.

நித்யாவிடம் இதைச் சொன்னபோது அவள் விடவில்லை. அவளுடைய முதல் கருத்தரங்கு வரப்போகிறது, அதே நட்சத்திரங்களைப் பற்றித்தான் பேசப்போகிறாள், ஷாஹிதா மேடத்தைக் கட்டாயம் அழைத்துவரவேண்டும் என்றாள். போன் செய்தேன். ஷாஹிதா முதலில் வேலை இருக்கிறது என்றாள். இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டு, அரைநாள் லீவு போட்டிருக்கேன் என்றாள்.

வந்தாள். கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நித்யா திரையில் படங்களைக் காட்டிப் பேசினாள். நாங்கள் பார்த்த அதே வீக்கம், அதே நிற்றல், வண்ண வண்ணக் கோடுகளாக வந்தது. முடிந்ததும் கேள்விகள் உண்டா என்றார்கள். ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள். பிறகு ஷாஹிதாவின் கை மெதுவாக மேலே போனதைப் பார்த்தேன்.

நடுவில் இருக்கும் நட்சத்திரம் என்றைக்கும் அங்கேயே இருக்காது, நாளாவட்டத்தில் மற்ற நட்சத்திரங்கள் இழுத்து வெளியே தள்ளிவிடலாம் என்றாள் ஆங்கிலத்தில். அப்போது கரும்பொருள் கிடைக்காமல் அது மறுபடி சாதாரணமாக வயதாக ஆரம்பிக்கும். அந்த நட்சத்திரத்தை, ஒருநாளும் நிற்காமல் ஓடிய இளம் நட்சத்திரத்திலிருந்து எப்படி அடையாளம் காண்பீர்கள்? வீங்கிக் கிடந்த காலத்தில் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் கலந்துபோயிருக்குமே. அந்தக் கலப்பு மேல்பரப்பில் தெரியுமா?

நித்யா யோசித்தாள். தாங்கள் அதைப் பார்க்கவில்லை, ஆனால் பார்க்கமுடியும், பார்க்கவேண்டும் என்றாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தை நடத்தியவர், மேடம் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார். பேங்கில் வேலை பார்க்கிறேன் என்றாள்.

அப்புறம் பஸ் நிறுத்தத்துக்கு நாங்கள் இருவரும் நடந்தோம். வெயில் இறங்கியிருந்தது.

"நல்லா செய்யுதாங்கக்கா" என்றாள். "பயமில்லாம செய்யுதாங்க."

"நீ கேட்டது அவளுக்கு எவ்வளவு பிடிச்சுது பார்த்தியா? அடுத்த தடவையும் கூப்பிடுவா" என்றேன்.

பஸ் வருவது தெரிந்ததும் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே இதுக்கு என்னைக் கூப்பிடாதியக்கா."

"வருத்தமாம்மா?"

"வருத்தமெல்லாம் இல்லை. நாளைக்கு ஆபீஸ்ல உக்காந்துகிட்டு இதையே நினைச்சிட்டு இருப்பேன். மறக்கதுக்கே எனக்கு அம்புட்டு வருஷம் ஆச்சு."

பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

அடுத்த நாள் நித்யா போன் செய்து ஷாஹிதாவின் நம்பரைக் கேட்டாள். அந்தக் கேள்வியை வைத்து ஒரு கட்டுரையே எழுதலாம், அவர்களோடு சேர்ந்து செய்யவேண்டும் என்றாள். தரமுடியாது என்று சொல்லிவிட்டேன். அவளுக்குக் கோபம்தான். அதற்குப் பிறகும் இரண்டு முறை கேட்டாள், இரண்டு முறையும் மறுத்தேன். நான் செய்வது சரிதானா என்று ஒவ்வொரு முறையும் போனை வைத்தபிறகு யோசிக்கிறேன். ஒன்று மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். கட்டுரையை நீ எழுது. அந்தக் கேள்வியைக் கேட்டது யார் என்பதை மட்டும் விட்டுவிடாதே. முதலெழுத்து போதாது, முழுப்பெயரையும் போடு. போடுவதற்கு முன் என்னிடம் சொல், ஷாஹிதாவிடம் அனுமதியை நான் போய் வாங்கி வருகிறேன் என்றேன்.